நகர்ந்துகொண்டே போன சாக்பீஸ் கோடு

நேற்று இருந்த தூணில் இன்று கோடு இல்லை. அடுத்த தூணுக்குப் போயிருந்தது.

கழுகு நாற்காலியில் நிமிர்ந்தான். அவன் நிமிர்வது லேசுப்பட்ட காரியமல்ல. முதலில் நாற்காலி முனகும். பிறகு கைகள் மேசை விளிம்பைத் தேடும். கடைசியில் வயிறு ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிடும். இத்தனை ஏற்பாட்டோடு அவன் ஒன்றை நிமிர்ந்து பார்க்கிறான் என்றால் விஷயம் பெரியது.

திரையில் தெரிந்தது கீழ்த்தள பார்க்கிங். கடைகள் திறப்பதற்கு வெகு முன்னால், விடிந்தும் விடியாத நேரத்துப் பதிவு. ஒரு வண்டி கிடையாது. இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள். வரிசை போய் முடிகிற இடத்தில் ஓர் இரும்புக் கதவு. தரைத்தளத்து நகைக்கடையின் பெட்டக அறை அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது.

சாக்பீஸ் கோடு தூண் தூணாக அந்தக் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வணிக வளாகத்துக் கேமராக்கள் எல்லாம் வந்து சேர்கிற அறை அவனுடையது. ஜன்னல் கிடையாது. சுவர் நிறையத் திரைகள், எப்போதும் ஓடுகிற ஏசி, ஒரு பிஸ்கட் டப்பா, அது காலியானால் திறக்க இன்னொரு டப்பா. கைப்பையைத் தொலைத்தவர்கள், வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று மறந்து விழிப்பவர்கள், தப்பான மாடியில் இறங்கி அழுகிற குழந்தைகள் என்று எல்லோரையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துக் கொடுப்பான். அதனால்தான் கழுகு. லிஃப்ட்காரர் மட்டும் முன்னால் ஒரு சொல் சேர்த்து, பறக்காத கழுகு என்று காதுபடவே சொல்வார். இவனும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பான்.

அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு முள் இருந்தது. முள்ளின் பெயர் அக்கா.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினோடு கையைப் பிணைத்துக்கொண்டு அரை நாள் படுத்துக்கிடக்க வேண்டும். ஊசி ஏற்றுகிற இடது கை ஏற்கெனவே ஓய்ந்துவிட்டது. இப்போது வலது கையும் மக்கர் செய்யத் தொடங்கியிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சோதித்துப் பார்த்தார்கள். அக்கா புருஷனுக்குப் பொருந்தவில்லை. பிள்ளைகள் சின்னஞ்சிறுசுகள். பொருந்தியது கழுகுக்கு மட்டும்தான். அவன் ஒரு நொடிகூடத் தயங்காமல் தருகிறேன் என்று சொன்னான்.

டாக்டர்தான் தயங்கினார்.

"உங்க கிட்னி அருமையா இருக்கு" என்றார். "அதைச் சுத்தி இருக்கறதுதான் பிரச்சினை. எடை இறங்கணும், பிரஷர் இறங்கணும். இப்ப உங்க மேல கத்தி வச்சா, ஒரு நோயாளியைக் காப்பாத்தப் போயி ரெண்டு நோயாளி ஆயிடும்."

தினமும் நடக்கச் சொன்னார். தட்டில் விழுவதைப் பாதியாக்கச் சொன்னார். இறங்கியதும் வாருங்கள், தேதி குறிக்கலாம் என்றார். வெளியே வந்ததும் கழுகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"திங்கக்கிழமை ஆரம்பிச்சிடறேன்க்கா."

எந்தத் திங்கட்கிழமை என்று அவன் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவனைக் குத்தியது.

முதல் திங்கட்கிழமை ஷூ இல்லை. ஷூ வாங்கியபோது வாரத்தின் நடுப்பகுதி ஆகிவிட்டது. நடுவாரத்தில் யாராவது நல்ல காரியம் தொடங்குவார்களா? அடுத்த திங்கட்கிழமை, நடையைக் கணக்கிடும் செயலி ஒன்றைப் போனில் இறக்கினான். உங்கள் லட்சியம் என்ன என்று அது கேட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று மூடிவைத்தான். அப்புறம் தண்ணீர் பாட்டில் சரியில்லை. அப்புறம் கட்டுப்பாட்டு அறைக்குப் புதிய ரெக்கார்டர் வந்தது. எல்லாக் கேமராக்களையும் அதில் இணைத்து அமைக்கிற வேலையில் ஒரு திங்கட்கிழமை வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் போயிற்று.

அவனைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம். அவன் தொழில் அப்படி. கைப்பை காணவில்லை என்று யார் வந்து நின்றாலும், பதிவை நடுவிலிருந்து ஓட்ட மாட்டான். கதவு திறந்த நிமிடத்துக்குப் போய், முதலிலிருந்துதான் வருவான். நடுவில் நுழைந்தால் ஒன்றும் விளங்காது என்பது அவன் கட்சி. வாழ்க்கையையும் அப்படியே நடத்தினான். காலையில் ஒரு பிஸ்கட் கூடப் போய்விட்டால் அந்த நாள் கெட்டது. நாள் கெட்டால் வாரம் கெட்டது. பழுதில்லாத ஒரு வாரத்தின் முதல் நாளுக்காக அவன் உண்மையாகவே காத்திருந்தான்.

அவன் மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள். வலி விட்டுவிட்டது, அடுத்த வாரம் வருகிறேன் என்று போனில் சொல்கிறவர்களைத் தினமும் கேட்கிறவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் ஓடி வருவதையும் பார்க்கிறவள். புருஷனிடம் அவள் சண்டை போடவில்லை. டி.வி. மேல் இருந்த ஷூ பெட்டியைத் துடைக்கும்போது மட்டும் சொல்வாள்:

"போடாமயே ஷூவுக்கு வயசாகுதுங்க."

இந்த நிலைமையில்தான் சாக்பீஸ் கோடு வந்து சேர்ந்தது.

மேனேஜரம்மா அவனைக் கூப்பிட்டனுப்பினார். அளந்து பேசுகிறவர். நகைக்கடைக்காரர் தூணில் கோட்டைப் பார்த்திருக்கிறார், சில நாள் கழித்து அது வேறு தூணில் இருந்திருக்கிறது, மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது என்றார். யார், எதற்கு என்று இந்த வாரக் கடைசிக்குள் தெரிய வேண்டும். இல்லையென்றால் போலீஸ். போலீஸ் வந்தால் முதல் கேள்வி, கேமரா முன்னால் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதாகத்தான் இருக்கும். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் கழுகைப் பார்க்கவில்லை. பேனா மூடியைப் பார்த்தார்.

கழுகு பதிவுகளை எடுத்தான். ஆள் உடனே சிக்கினான்.

துப்புரவுப் பெண்கள் சரிவுப் பாதையின் சின்னக் கதவைத் திறந்துவிட்டு மேலே போனதும் உள்ளே வருகிறான். ஒல்லியான உருவம். இழுத்துவிட்ட தொப்பி, முகக்கவசம், இரண்டு பேர் நுழையலாம் என்கிற மாதிரி தொளதொளத்த ஸ்வெட்டர். நேராக முதல் தூணுக்குப் போகிறான். உள்ளங்கையை வைக்கிறான். அடுத்த தூண். உள்ளங்கை. அடுத்தது. கோடு இருக்கிற தூண் வந்ததும் ஸ்வெட்டர் கையால் கோட்டை அழிக்கிறான். அதற்கு அடுத்த தூணில் புதிதாக ஒன்று இழுக்கிறான். திரும்பி வந்த வழியே போகிறான்.

இதில் எதுவும் கழுகை அவ்வளவாக அசைக்கவில்லை. அவனை அசைத்தது வேறு. அந்த ஆள் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.

தூண், தூண், தூண் என்று தொட்டுத் தொட்டு, சாவி கொடுத்த பொம்மை மாதிரி போய்க்கொண்டே இருந்தான். போகும்போதும் நிற்கவில்லை, வரும்போதும் நிற்கவில்லை. கழுகு அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தான். பஸ் நிறுத்தத்திலிருந்து வளாகத்துக்கு வருவதற்குள் அவன் மருந்துக்கடை வாசலில் ஒருமுறை நின்றாக வேண்டும். மூச்சு வாங்குவது தெரியக் கூடாதென்று, கண்ணாடிக்குள் இருக்கும் இருமல் மருந்தை வாங்கப் போகிறவன் போல உற்றுப் பார்ப்பான். கடைக்காரர் நிஜமாகவே ஒருநாள், சளி இன்னும் விடலையா என்று கேட்டுவிட்டார்.

நடந்தால் இப்படி நடக்க வேண்டும், இல்லையென்றால் நடக்கவே கூடாது என்று கழுகுக்குத் தோன்றியது. இரண்டாவது பாதி அவனுக்கு வசதியாகவும் இருந்தது.

ஆனால் கேள்வி விடவில்லை. பெட்டக அறையில் கை வைக்க வந்தவன் எதற்காக எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி கோடு போடுகிறான்? தூரத்தை அளக்கிறானென்றால் ஒரே நாளில் அளந்துவிட்டுப் போகலாமே? போட்ட கோட்டை ஏன் அழிக்கிறான்? முகம் பார்க்கலாம் என்றால், படத்தின் அடிப்பகுதியில் குழல்விளக்கின் வெளிச்சம் வெள்ளையாகப் பாய்ந்திருந்தது. அந்த மூலையில் ஓடும் கடிகார எண்கள்கூட அதில் கரைந்துபோயிருந்தன.

அன்று இரவுச் சாப்பாட்டில் இரண்டாம் முறை போட்டுக்கொள்ள மறந்துபோனான். மனைவி தட்டைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், என்ன உடம்புக்கு என்று கேட்டாள். முழுக் கதையையும் சொன்னான். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். அவளுக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. மூஞ்சி தெரியவில்லையென்றால் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டியதுதானே என்றாள். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை:

"இல்ல, அதுக்கும் திங்கக்கிழமை வரணுமா?"

"நாளைக்கே போறேன்" என்றான்.

சொன்ன பிறகுதான், சொன்னது தான்தான் என்று அவனுக்கே உறைத்தது.

விடியற்காலையில் கிளம்பும்போது ஒரு சிக்கல். அவன் செருப்பு படபடவென்று அடிக்கிற சாதி. காலியான கீழ்த்தளத்தில் அது தவுல் மாதிரி கேட்கும். ஆபீஸ் ஷூவோ கிறீச்சிடும். வீட்டில் சத்தம் போடாத காலணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டி.வி. மேலிருந்த பெட்டியைத் திறந்து, ரப்பர் அடி போட்ட அந்தப் புது ஷூவை மாட்டிக்கொண்டு, பூனை மாதிரி வெளியே வந்தான். போர்வைக்குள்ளிருந்து ஒரு கண் அதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது அவனுக்குத் தெரியாது.

பஸ் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. நடந்தான். நடக்கிறோம் என்ற நினைப்பே இல்லை. துப்புத் துலக்கப் போகிறவனுக்கு மூச்சு வாங்கினால் என்ன, வியர்த்தால் என்ன? மருந்துக்கடை பூட்டியிருந்தது. அதன் படியில் வெளிப்படையாகவே உட்கார்ந்து எழுந்தான்.

கீழ்த்தளத்தில் சிமெண்டும் பழைய பெட்ரோலும் கலந்த வாடை. பாதி விளக்குகள்தான் எரிந்தன. கழுகு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் என்று எழுத ஆசைதான். தூண் அவனுக்கு முன்னால் நின்றது, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் அவன் மிச்சமிருந்தான்.

சின்னக் கதவு திறந்தது. தொப்பி, முகக்கவசம், தொளதொள ஸ்வெட்டர்.

அந்த ஆள் முதல் தூணில் கை வைத்தான். இரண்டாவது தூணுக்கு வந்தான். கை வைத்தான். நின்றான்.

கழுகு மூச்சைப் பிடித்துக்கொண்டான். நம்மைப் பார்த்துவிட்டானோ? ஆள் திரும்பவில்லை. நெற்றியைத் தூணில் சாய்த்து அப்படியே நின்றான். நின்றான், நின்றுகொண்டே இருந்தான். கழுகு பிடித்த மூச்சை விட்டு, இன்னொன்று பிடித்து, அதையும் விட்டான். ஆணியடித்த படம் மாதிரி அந்த ஆள் அசையவில்லை. பிறகு மெல்ல நிமிர்ந்து மூன்றாவது தூணுக்குப் போனான். கை வைத்தான். மறுபடியும் நெற்றி, மறுபடியும் அந்த நிற்றல்.

இது அந்த ஆளே இல்லை என்று முதலில் தோன்றியது. திரையில் இருந்தவன் நிற்காமல் போகிறவன். இவன் நிற்பதற்கு நடுவே கொஞ்சம் நடக்கிறவன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஓட்டை விழுந்த சைக்கிள் டியூபில் காற்றடிப்பது போல, விசிலும் இழுப்புமாக மூச்சு.

கழுகின் தலைக்குள் ஏதோ பளிச்சென்று எரிந்தது. புது ரெக்கார்டரை அமைத்த வாரம், ஆளில்லாத கீழ்த்தளத்தை எதற்குப் பதிவு செய்து இடத்தை அடைப்பது என்று, அந்தக் கேமராவை மட்டும் அசைவு இருந்தால் பதிவு, இல்லையென்றால் நிறுத்து என்று மாற்றி வைத்தது யார்? சாட்சாத் இவன்தான். தூணில் சாய்ந்து ஒரு மனிதன் அசையாமல் நின்றால் ரெக்கார்டரும் கண்ணை மூடிக்கொள்ளும். அவன் நிமிர்ந்து காலெடுத்து வைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நின்றதெல்லாம் போய்விடும், நடந்தது மட்டும் மிஞ்சும். காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய கடிகாரமோ வெளிச்சத்தில் கரைந்து கிடந்தது. தானே வெட்டி ஒட்டிய படத்தைப் பார்த்துத்தான் அவன் இத்தனை நாள் வாயைப் பிளந்திருக்கிறான்.

அடக்க முடியாமல் ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்துவிட்டது.

"யாரு?"

அந்த ஆள் சட்டென்று திரும்பியதில் கால் தடுமாறியது. கழுகு ஓடிப் போய்த் தாங்கினான். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவன் ஓடியது அப்போதுதான். சாக்பீஸ் கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. முகக்கவசம் தாடைக்கு இறங்கியது.

அந்த முகத்தை அவன் தினமும் பார்க்கிறான், ஒரு சுவரின் அளவில். வளாகத்து முகப்பில், மேல்மாடி ஜிம்முக்கான விளம்பரத் தட்டியில், தொடை பருமனுக்குக் கையை முறுக்கிக் காட்டிச் சிரிக்கிற முகம். மாஸ்டர். ஏதோ பயிற்சிக்கு வெளிநாடு போயிருக்கிறார் என்று லிஃப்ட்காரர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டியில் இருந்த உடம்பு எங்கே போயிற்று என்று கேட்கிற மாதிரி அந்த ஸ்வெட்டர் தொங்கியது.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். மாஸ்டர்தான் முதலில் பேசினார். எத்தனை நாளாகக் கவனிக்கிறீர்கள் என்று கேட்டார். கழுகு உள்ளதைச் சொன்னான்:

"கொஞ்ச நாளா பாக்கறேன் மாஸ்டர். ஒரு இடத்துலகூட நிக்காம நடக்கறீங்களே, எப்படின்னுதான்..."

"யாரு, நானா?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது. கழுகு ரெக்கார்டர் விஷயத்தை விளக்கினான். அதைக் கேட்டு மாஸ்டர் மறுபடியும் சிரித்து, மறுபடியும் இருமினார்.

நிமோனியா. வெளிநாடெல்லாம் இல்லை, ஆஸ்பத்திரிதான். நுரையீரலில் பாதி போன மாதிரி ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதே பெரிய ஊர்வலம். டாக்டர் நடக்கச் சொன்னார். தெருவில் நடந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், அந்தத் தட்டியைப் பார்த்துவிட்டு ஜிம்மில் சேர்ந்தவர்களும் அதில் இருப்பார்கள். அதனால்தான் இந்தக் கீழ்த்தளம். முதல் நாள் முதல் தூணைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கதவு? எந்தக் கதவு? வரிசை அங்கே முடிகிறது, அதனால் கோடும் அங்கே போகிறது. பெட்டக அறை என்பதே அவருக்குச் செய்தி.

கோடு எதற்கு என்று கழுகு கேட்டான். அவனை இவ்வளவு தூரம் நடத்தி வந்த கேள்வி அது.

"காலையில மூளை பொய் சொல்லும்" என்றார் மாஸ்டர். "நேத்து நிறைய நடந்துட்டே, இன்னைக்கு விட்டுடுன்னு சொல்லும். தூண் பொய் சொல்லாது. ஆமா, கோடு பின்னாடி போன நாளையெல்லாம் நீங்க பாக்கலியா?"

கழுகு பார்க்கவில்லை. கோடு கதவை நோக்கி நகர்ந்த நாட்களை மட்டும் தேடித் தேடிப் பார்த்தவன் அவன்.

மாஸ்டர் அவனை உற்றுப் பார்த்தார். மேலே வந்து ஜிம்மில் சேர்வதைப் பற்றி விசாரித்தது நீங்கள்தானே என்று கேட்டார். கழுகுக்குக் காது சூடாயிற்று. ஆமாம் என்றான். அக்காவைப் பற்றிச் சொன்னான், டாக்டர் சொன்னதைச் சொன்னான். திங்கட்கிழமைகளைப் பற்றிச் சொல்லவில்லை. மாஸ்டரே சொன்னார்:

"திங்கக்கிழமை வர்றேன்னீங்க. நானும் சரின்னேன். என் ஜிம்முல பாதிப் பேரு அந்தத் திங்கக்கிழமைக்காரங்கதான்."

கேலியாகத்தான் சொன்னார். அதற்குமேல் எதுவும் உபதேசிக்கவில்லை. எழுந்திருக்கக் கை கொடுங்கள், இன்றைய தூண் பாக்கி இருக்கிறது என்றார்.

கழுகும் அவர் கூடவே நடந்தான். தூணுக்குத் தூண் நிற்பது மாஸ்டருக்காக என்று தனக்குள் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டான். சில தூண்கள் தாண்டியதும், மாஸ்டருக்கு முன்னால் தூணைக் கட்டிக்கொண்டது அவன்தான். இருவர் மூச்சும் இரண்டு சுருதியில் கேட்டது.

போகும்போது மாஸ்டர் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார், யாருக்கும் தெரிய வேண்டாமென்று.

கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்ததும் கழுகு முதல் வேலையாக அன்றைய பதிவை ஓட்டினான். ஓர் ஒல்லி ஆள், ஒரு குண்டு ஆள். தரையில் உட்கார்ந்து பேசிய அத்தனை நேரமும் சில நொடிகளாகச் சுருங்கிவிட்டது. அதன் பிறகு இருவரும் எங்கேயும் நிற்காமல், பந்தயத்துக்குப் போகிற வீரர்களைப் போல வீறுநடை போட்டார்கள். குண்டு ஆள் பார்ப்பதற்குக் கம்பீரமாகவே இருந்தான். கழுகு தனியாகச் சிரித்தான். அன்றைக்கு வியாழக்கிழமை. காலையில் பையில் கிடந்த பிஸ்கட்டையும் வரும் வழியில் முடித்திருந்தான். பழுது என்றால் அப்படி ஒரு பழுதான நாள்.

மேனேஜரம்மாவிடம் போனான். ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, நம் வளாகத்து ஆள்தான், உடம்பு முடியாமல் இருந்து தேறி வருகிறவர், நடைப் பயிற்சிக்கு அடையாளமாகக் கோடு போடுகிறார், பெயரைச் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டார் என்றான். நகைக்கடைக்காரர் இதை நம்ப வேண்டுமே என்றார் மேனேஜரம்மா.

"நம்பலாம் மேடம். கூடவே நானும் நடக்கறேன்."

"நீங்களா?"

அவர் பார்வை கழுகின் தலையில் தொடங்கி, அவசரப்படாமல் இறங்கி, புது ஷூவில் வந்து நின்றது. பிறகு பேனாவை மூடினார்.

"சரி. தினமும் நம்ம ஆளே கூட நடக்கறார்னு அவர்கிட்ட சொல்லிடறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிடாதீங்க."

மறுநாள் விடியற்காலை, கழுகு கட்டிலில் கிடந்தபடி மோட்டுவளையைப் பார்த்தான். துப்பு துலங்கியாகிவிட்டது. இனிமேல் கீழ்த்தளத்தில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. இன்று வெள்ளி. நாளையும் நாளை மறுநாளும் கழித்தால், ஒழுங்காக, முதலிலிருந்து, திங்கட்கிழமை. அந்த எண்ணம் வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்தில் மனைவி தூங்குவது போல நடித்துக்கொண்டிருந்தாள்.

கடிகாரம் பார்க்கலாமென்று நாற்காலியில் கிடந்த சட்டையில் போனைத் துழாவினான். விரலில் வேறு ஏதோ தட்டுப்பட்டது. சாக்பீஸ். நேற்று உடைந்த இரண்டு துண்டுகளையும் பொறுக்கி, கொடுக்க மறந்து, பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். இப்போது மாஸ்டர் அங்கே தூணில் சாய்ந்து நிற்பார். தொடும் தூணில் கோடு இழுக்க அவரிடம் எதுவும் இருக்காது. நாளைக்கு அவர் மூளை என்ன பொய் சொன்னாலும் மறுத்துச் சொல்ல ஆளிருக்காது.

எழுந்து ஷூவை மாட்டினான்.

அதற்கப்புறம் எல்லாம் நேர்கோடாகப் போயிற்று என்று யாரும் நினைக்க வேண்டாம். கழுகுக்கும் மாஸ்டருக்கும் தனித்தனிக் கோடு. மாஸ்டருடையது தூணின் இடப்பக்கம், இவனுடையது வலப்பக்கம். மழைக்காலத்தில் மாஸ்டரின் கோடு மளமளவென்று பின்வாங்கியது. உறவுக்காரர் வீட்டு விருந்துக்குப் போய் வந்த வாரம் இவனுடையது பின்வாங்கியது. பழைய கழுகாக இருந்தால் அதோடு வாரத்தையே இழுத்து மூடியிருப்பான். இப்போது பின்வாங்கிய தூணைத் தொட்டுவிட்டு அங்கிருந்து நடந்தான். தட்டில் பாதி குறைந்தது. பிஸ்கட் டப்பா முதலில் அறைக்கு வெளியே போனது, பிறகு லிஃப்ட்காரரிடம் போனது. பறக்காத கழுகு எங்கே காணோம் என்று கேட்டபடி அவரே அதைச் சாப்பிட்டார்.

அவன் இன்னொரு வேலையும் செய்தான். கீழ்த்தளக் கேமராவை முழுநேரப் பதிவுக்கு மாற்றினான். மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒருநாள் நடையை அப்படியே வெட்டாமல் அக்காவின் போனுக்கு அனுப்பினான். நாலு எட்டு நடை, நிற்றல், குனிந்து முழங்காலைப் பிடித்தல், மறுபடி நாலு எட்டு. பார்க்கச் சகிக்காத நீளம்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். மெஷினில் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள்.

"என்னடா இது, பாதிப் படம் தூணைக் கட்டிப் புடிச்சுக்கிட்டே நிக்கிறே? நடக்கப் போனியா, தூணுக்குச் சம்பந்தம் பேசப் போனியா?"

"முழுசா பாத்தியாக்கா?"

"வேற என்ன வேலை எனக்கு? கையையும் அசைக்க முடியாது. நர்ஸும் பாத்துச்சு. இந்தத் தூணுல நிப்பான், நிக்க மாட்டான்னு ரெண்டு பேரும் பந்தயம் கட்டினோம்." பிறகு, இத்தனை நாள் எதுவும் கேட்காதவள் முதல்முறையாகக் கேட்டாள். "நாளைக்கும் அனுப்புவியாடா?"

அனுப்பினான். ஒருநாள் விட்டு ஒருநாள், அவள் மெஷினில் படுக்கிற நேரத்துக்குச் சரியாக. அந்தப் பக்கத்துக் கட்டில்காரர்களும் எட்டிப் பார்ப்பதாகத் தகவல் வந்தது. அக்காவின் வலது கை எப்படியோ பிடிவாதமாகத் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தது.

மாஸ்டரின் கோடு இரும்புக் கதவுப் பக்கத்துத் தூணைத் தொட்ட நாளில் நகைக்கடைக்காரரே கீழே வந்து வேடிக்கை பார்த்தார். தொப்பிக்குள் யாரென்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நல்லா நடக்கறீங்க தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் கோடு திசை மாறி, மேலே போகும் படிக்கட்டுச் சுவரில் ஏறத் தொடங்கியது.

கழுகு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தபோது நாற்காலி முனகவில்லை. டாக்டர் பிரஷர் பார்த்தார். கருவியின் மேல் சந்தேகப்பட்டு இன்னொரு கருவியில் பார்த்தார். எடை இயந்திரத்தில் ஏறச் சொன்னார், ஷூவைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார். தேய்ந்துபோன அதன் அடியை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகு கழுகையும், வாசலோரம் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கத்தி வைக்கலாம்" என்றார். "அதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் டெஸ்ட் இருக்கு. வர்ற திங்கக்கிழமை ஆரம்பிச்சிடலாமா?"

அக்கா குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று அவள் தோள் காட்டிக்கொடுத்தது.

கழுகு ஏற்கெனவே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமை வேண்டாம் டாக்டர். ரத்தம் இப்பவே எடுத்துக்கோங்க."